ஏகாம்பரம் வீட்டுப் பாவு

என் கையில் கத்தரி இருந்தது. மழை விட்டிருந்தது. ஓட்டு ஓரத்தில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழி அது. மிதிகட்டை தண்ணீருக்குள் கிடந்தது. குழிக்கு மேலே நீலப் பட்டுப்பாவு விறைப்பாக இழுத்துக் கட்டியபடி இருந்தது. அது நனையவில்லை. ஆனால் வீடு முழுக்க ஈர மண் வாசனை. பட்டு கெட அந்த ஈரமே போதும்.

ஏகாம்பரம் அண்ணன் வெளியே போயிருந்தார். அவர் மனைவி கஸ்தூரி அண்ணி சுவரோரம் குந்தியிருந்தார்.

"அறுத்துடு மல்லிகா. அவரு வந்தா நான் சொல்லிக்கிறேன்."

நான் வாசலைப் பார்த்தேன். தெருவில் ஒரு ஆடு நின்றது. வேறு யாரும் இல்லை.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் கல்யாணக் கதையை எழுதினேன். படித்தவர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரமும் அப்படி ஒன்றை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இதுதான் வந்து நிற்கிறது. இதைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியவில்லை.

கூப்பிட்டால்தான் வேலை

நான் ஆரணியில் பாவு பிணைக்கிறவள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

சேலையில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவில் மூன்று சேலையும் கொஞ்சம் மிச்சமும் வரும். மூன்றும் நெய்து முடிந்ததும் பழைய பாவின் நுனிகளைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதிய பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான இழை. இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரு நாள் ஆகும்.

நான் ஆறாம் வகுப்புவரை படித்தேன். எனக்குப் பேச்சு வராது. இந்த வேலைக்குப் பேச்சு வேண்டாம்.

ஆனால் கூப்பிட்டால்தான் வேலை. ஒரு வீட்டில் பெயர் கெட்டால் பக்கத்து வீடும் யோசிக்கும். அது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும்.

வீடு வீடாகப் போவதால் எந்தத் தறியில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். யார் கை வேகம், யாருக்கு முதுகுவலி, யார் வெள்ளிக்கிழமை உட்கார மாட்டார், எல்லாம் தெரியும். அதனால்தான் அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது.

எட்டுக் கட்டம்

தீபாவளி முடிந்த வாரம். வேலூரில் ஒரு கல்யாணம், தை மாதம் முகூர்த்தம். பெண் வீட்டுப் பெண்கள் இருபத்து நான்கு பேருக்கும் ஒரே மாதிரி பட்டுச்சேலை. மயில்கழுத்து நிறம், மாம்பழ நிறக் கரை.

ஆர்டர் எடுத்தவர் முருகேசன் அண்ணன். எங்கள் பக்கத்து நெசவுக்காரர்களுக்குப் பாவு கொடுத்து சேலை வாங்குகிற முதலாளி. அவருக்குக் கணக்கு சுலபமாக வந்தது. எட்டுத் தறி, தறிக்கு மூன்று சேலை. காலண்டர் தாளின் பின்பக்கம் எட்டுக் கட்டம் போட்டு, எந்தத் தறி எந்தத் தேதியில் முடிக்கும் என்று எழுதினார். எட்டும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிகிறது. பார்க்க அழகாக இருந்தது.

பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் எல்லாவற்றையும் நிறத்துக்கு ஒரே தொட்டியாகச் சாயம் போட்டு வாங்கிவிட்டார். எங்கள் ஊரில் அதுதான் முறை. அடுத்த முறை போட்டால் நிறம் ஒரு பொட்டு மாறும். இரண்டு பேர் பக்கத்தில் நின்றால் தெரிந்துவிடும்.

எட்டுத் தறியிலும் பாவை நான்தான் பிணைத்தேன். கடைசித் தறி முடித்த மறுநாள் முருகேசன் அண்ணனுக்கு நெஞ்சுவலி. ஆபரேஷன். இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லியும் பேசினார்.

"நீதான் எல்லா ஊட்டுக்கும் போற. நீயே பாத்துக்க."

"எனக்கு இன்னா தெரியும்ணா?"

"தாள்ல எல்லாம் எழுதிக்கீறேன். அது மாதிரி ஓட்டிகினு போ, அவ்ளோதான்."

தாளை வாங்கி மடித்துக்கொண்டேன். எட்டு வீட்டுக்கும் போய், இது முடிகிறவரை வேறு யார் பாவும் ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். சரி என்றார்கள். என் வார்த்தைக்குச் சரி என்றார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

தேசூரில் ஒரு மாடிப்படி

இந்த இடத்தில் என் தம்பி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பி தேசூரில் இருக்கிறான். வீடு கட்டினான். பிளான் போட்டவர் நீலத் தாளில் வரைந்து கொடுத்தார். மேஸ்திரி அதை வாசலில் ஒட்டிவைத்து, அதில் உள்ளபடியே கட்டினார். தம்பி வேலைக்குப் போய்விடுவான். சனிக்கிழமை மட்டும் வந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பான்.

எல்லாம் முடிந்து கிரகப்பிரவேசம் வைத்தோம். மாடிப்படிக்குக் கீழே குளியலறைக் கதவு. கதவைப் பாதிதான் திறக்க முடியும். என் வீட்டுக்காரர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் போனார். சிரிப்பாகத்தான் இருந்தது.

மேஸ்திரியைக் கேட்டால் தாளைக் காட்டினார். தாளில் கதவும் இருந்தது, படியும் இருந்தது. கட்டும்போது ஒரு நாள் யாராவது அந்தக் கதவைத் திறந்து பார்த்திருக்கலாம்.

அரைகுறை

தறியில் பாதியில் இருக்கும் சேலையை வாங்குகிறவர்களுக்குக் காட்ட மாட்டோம். கண் படும் என்பார்கள். முடித்து, மடித்து, ஆர்டர் முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டி, மஞ்சள் தடவிக் கொடுப்பதுதான் வழக்கம்.

கல்யாணப் பெண்ணின் அம்மா விஜயா அம்மா. வேலூரிலிருந்து ஒரு நாள் திடீரென்று வந்துவிட்டார். பத்திரிகை கொடுக்க யார் வீட்டுக்கோ வந்தவர், அப்படியே பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். தனலட்சுமி வீட்டில் முதல் சேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. தனலட்சுமியும் அவள் புருஷனும் மாற்றி மாற்றி உட்கார்ந்து நெய்கிறவர்கள். எங்கள் எட்டுத் தறியில் அதுதான் வேகமான தறி.

தனலட்சுமி சேலைமேல் துண்டைப் போட்டு மூடினாள். விஜயா அம்மா துண்டை எடுத்தார்.

சேலையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்க முயன்றார். தறியில் இருப்பதை எப்படித் தூக்குவது?

"போன்ல பாத்தது இந்தக் கலர் இல்லம்மா."

"இதாங்க மயில்கழுத்து."

"இது கருப்பா தெரியுது. மணவறையில இருபத்து நாலு பேரு கருப்பு கட்டிகினு நின்னா சம்பந்தி வீட்ல இன்னா சொல்லுவாங்க?"

மயில்கழுத்து என்பது நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் வருகிற நிறம். பச்சை கொஞ்சம் அழுத்தமாகச் சாயம் ஏறிவிட்டது. மழைக்கால வெளிச்சத்தில் கருப்பாகத்தான் இருந்தது. நானும் பார்த்திருக்கிறேன். எட்டு வீட்டிலும் பார்த்தேன். தாளில் இருக்கிறபடி ஓடுகிறதே என்று பேசாமல் இருந்தேன்.

எட்டுத் தறியிலும் முதல் சேலை பாதிக்கு மேல் போயிருந்தது.

நான்கு நாள் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. வாயில் நான்கு நாள் என்று வந்தது.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். பாவை மாற்ற முடியாது. ஊடையை மாற்றலாம். சாயக்காரரிடம் போய் நான்கு விதப் பச்சையில் கைப்பிடி கைப்பிடியாக நூல் கேட்டேன். முழுத் தொட்டி போடாமல் கைப்பிடிக்கு யாராவது சாயம் போடுவார்களா என்று சத்தம் போட்டார். போட்டுக் கொடுத்தார்.

தனலட்சுமி முதல் சேலையை முடித்ததும், அடுத்த சேலை தொடங்குவதற்கு முன்னால் அதே பாவில் ஒவ்வொரு பச்சையிலும் ஒரு சாண் நெய்யச் சொன்னேன். அதை அறுத்து வேலூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். விஜயா அம்மா வீட்டு மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தோம். வெயில் வரும்வரை உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது சாணைத் தொட்டார். கிளிப்பச்சை ஊடை. அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி வந்தது.

"இதுதான் மயிலு," என்றார்.

ஏற்கெனவே ஓடிய எட்டை என்ன செய்வது என்று கேட்டேன். அவரே சொன்னார். வயசானவர்கள் எட்டுப் பேருக்கு அந்த அழுத்தமான நிறம். பாக்கிப் பதினாறு பேருக்கு இது. பெரியவர்கள் ஒரு வரிசை, சின்னவர்கள் ஒரு வரிசை. வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும்.

முருகேசன் அண்ணன் தாளை அன்றைக்குத்தான் பெட்டியில் வைத்தேன். கிழிக்கவில்லை.

மூன்று ஆணி

அதற்குப் பிறகு ஊடை நூலை ஒரே தடவையில் சாயம் போடவில்லை. தறிக்கு ஒரு சேலைக்கு மட்டும். ஒவ்வொரு சேலையும் முதல் முழம் ஓடியதும் எனக்குக் காட்ட வேண்டும். நான் போட்டோ எடுத்து விஜயா அம்மாவுக்கு அனுப்புவேன். நெசவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர் தறிக்கு மேலே எலுமிச்சம்பழம் கட்டினார்.

கணக்கை எழுதி வைத்துப் பார்க்க எனக்கு வராது. எங்கள் வீட்டு நடையில் காலண்டருக்குக் கீழே மூன்று ஆணி அடித்தேன். பாவு நூலில் இருபத்து நான்கு துண்டு, ஒவ்வொரு தறிக்கும் ஒவ்வொரு நீளத்தில் வெட்டினேன். ஆரம்பிக்காத சேலை முதல் ஆணியில். தறியில் இருப்பது நடு ஆணியில். இறங்கியது மூன்றாவதில். எந்தத் தறியாவது நின்றால் அதன் நூலில் ஒரு சிவப்பு இழை கட்டிவிடுவேன்.

தினமும் காலையில் எட்டு வீட்டுக்கும் நடப்பேன். உட்கார மாட்டேன். வாசலில் நின்று ஒன்றுதான் கேட்பேன். எது நிக்குது?

ஒரு வீட்டில் ஜரிகை தீர்ந்திருக்கும். ஒரு வீட்டில் டிசைனுக்குத் துளை போட்ட ஜக்கார்டு அட்டை ஈரத்தில் உப்பிப்போய் டிசைன் தப்பாக விழும். ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை, ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்க ஆள் இருக்காது. முடிந்ததை அன்றைக்கே சரி செய்தேன். முடியாததற்குச் சிவப்பு.

"இன்னா மல்லிகா, ஊட்ல நூல் காயப்போட்டுக்கினு கீறியாமே," என்றார் ஒருவர்.

"காலைல வந்து நிக்கிறாடா மீட்டர் ரீடிங் எடுக்கிறவ," என்றார் இன்னொருவர்.

ஆனால் சாயங்காலம் பீடி வாங்கப் போகிற சாக்கில் வந்து ஆணியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அடுத்தவர் நூல் மூன்றாவது ஆணிக்குப் போயிருந்தால் மறுநாள் அவர் தறிச் சத்தம் சீக்கிரம் கேட்கும்.

ஒரு நாள் எண்ணினால் இருபத்து மூன்றுதான் இருந்தது. ஒரு சேலையைக் காணோம். எட்டு வீட்டுக்கும் மறுபடி ஓடினேன். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது ஆணியில் அவர் சட்டையை மாட்டியிருக்கிறார். எடுக்கும்போது நூல் சட்டையோடு போய்விட்டது. அரை நாள் என் உயிர் போய் வந்தது. அவர் நான்காவதாக ஒரு ஆணி அடித்துக்கொண்டார்.

யாருக்கு முதலில்

எல்லாம் கடைசி நாள் ஒரே கட்டாகக் கொடுப்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. கடைசி நாள் ஏதாவது ஆனால் எல்லாமே போகும். முடிய முடியக் கொடுத்துவிடுகிறேன் என்று விஜயா அம்மாவிடம் போனில் சொன்னேன். வழக்கமில்லையே என்றார். இருபத்து நான்கு ரவிக்கையை எந்த டெய்லர் ஒரே நாளில் தைப்பார் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் யாருக்கு முதலில் வேண்டும் என்று வரிசை சொல்லச் சொன்னேன்.

"எல்லாருக்கும்தான் வேணும்."

"தெரியுதுங்க. ஒருவேள ஒண்ணு ரெண்டு லேட்டானா, யாருக்கு லேட்டாகக் கூடாது?"

நாத்தனார், ஓரகத்தி, அக்கா, அண்ணி. இவர்களை ஒன்று இரண்டு என்று யார் வரிசை வைப்பார்கள்? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். மறுநாள் மதியம் போன் வந்தது. குரலை இறக்கிக்கொண்டு பேசினார். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"மொதல்ல என் நாத்தனாரு. அவங்களுக்கு லேட்டானா சாவுற வரைக்கும் பேசுவாங்க."

இப்படியே ஒவ்வொரு பெயராக, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தோடு சொன்னார். இருபத்து மூன்று பெயர் வந்தது. ஒன்று குறைகிறதே என்றேன்.

"கடைசி நான்தான். எனக்கு எது வந்தாலும் சரி."

மார்கழி மழை

மழைக்காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தோம். மார்கழியில் புயல் வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது.

ஏகாம்பரம் அண்ணன் வீடு பள்ளத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஏரிக்கால்வாய். மற்ற ஏழு வீட்டிலும் குழி ஈரமானதோடு சரி. அவர் வீட்டில் கீழேயிருந்து ஊறியது. குடம் குடமாக மொண்டு ஊற்றினார். மொண்டு முடித்துத் திரும்பினால் மறுபடி அதே அளவு.

அவர் எட்டுப் பேரில் மூத்தவர். வேகம் கிடையாது. ஆனால் அவர் கரையில் ஒரு இழை தப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. முதல் சேலை இறங்கியிருந்தது. இரண்டாவது ஒரு சாண் ஓடியிருந்தது. அப்படியே நின்றது. பத்து நாள் நின்றது. அவர் வீட்டு நூல் இரண்டிலும் சிவப்பு கட்டினேன்.

கல்யாணத்துக்கு இருபது நாள். ஒரு சேலைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஆகும். மற்ற தறிகளில் மூன்றாவது சேலை ஓடிக்கொண்டிருந்தது. தனலட்சுமி மூன்றையும் முடித்துவிட்டாள். அவள் தறி காலி.

எட்டுத் தறியும் ஒரே அளவு. ஏகாம்பரம் அண்ணன் தறியிலிருந்து பாக்கிப் பாவை அறுத்து, தனலட்சுமி தறியில் பிணைத்துவிடலாம். அது என் வேலை. என்னால் முடியும்.

முதல் நாள் சாயங்காலம் அவரிடம் சொன்னேன். குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எங்க ஊட்ல ஏறின பாவு பாதியில எறங்கினது இல்ல மல்லிகா."

"தெரியும்ணா. நாள் இல்ல."

"நாளைக்கி பாக்கலாம்."

அந்த நாளைக்குத்தான் நான் கத்தரியோடு நின்றது. காலையிலேயே போய்விட்டேன். அவர் இல்லை. எங்கே போனார் என்று கேட்டேன். சொல்லாமல் போய்விட்டார் என்றார் அண்ணி. பத்து நாளாக இப்படித்தான், சாப்பிடுவதில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இந்தப் பாவு வீட்டை விட்டுப் போனால்தான் அவருக்குத் தூக்கம் வரும் என்றார். அறுத்துவிடச் சொன்னார்.

எனக்கு மனதில் எண்ணிக்கைதான் ஓடியது. பிணைக்க ஒரு நாள், இழுத்துச் சரிசெய்ய ஒரு நாள். பாக்கி பதினெட்டு. ஒரு மணி நேரம் போனாலும் போனதுதான்.

அறுத்தேன்.

அறுக்க ஐந்து நிமிடம் ஆகாது. பட்டு அறுபடும்போது சத்தமே வராது. தறியில் பழைய நுனிகள் மயிர் மாதிரி தொங்கின. பாவைக் குச்சியில் சுருட்டிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது.

ஏகாம்பரம் அண்ணன். வண்டியில் தண்ணீர் இறைக்கிற மோட்டார். பின்னால் பைப் சுருள். வெம்பாக்கத்துப் பக்கம் யாரோ தெரிந்தவர் நிலத்திலிருந்து இரவல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவ்வளவு தூரம் மழைச் சேற்றில் போய் வந்திருக்கிறார். சட்டை முழுக்கச் சேறு.

மோட்டாரை இறக்கி உள்ளே தூக்கி வந்தார். பார்த்தார். மோட்டாரைக் கீழே வைத்தார். தறியைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார்.

அண்ணி எழுந்து, நான்தான் அறுக்கச் சொன்னேன் என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மீதிப் பாவைச் சுருட்டினேன்.

வெளியே மறுபடி தூறல் ஆரம்பித்தது. அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார்.

"இத சுத்தி எடுத்துகினு போ. நனைஞ்சிடப் போவுது."

நான் போகாத வீடு

பாவைத் தனலட்சுமி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றே உட்கார்ந்து பிணைத்தோம். இழை நழுவிக்கொண்டே இருந்தது. என்னோடு பிணைக்க எதிரே உட்கார்ந்தவள், சாப்பிட்டுவிட்டு வா என்றாள். போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஏகாம்பரம் மோட்டார் போட்டு இறைத்துவிட்டாராம். குழி காய்ந்துவிட்டதாம். அடியில் மணல் கொட்டி மேடு பண்ணிவிட்டாராம். தறி மட்டும் சும்மா நிற்கிறதாம்.

கேட்டதும் எனக்கு விளங்கியது. பாக்கி இரண்டு சேலை. அதில் ஒன்றுக்கான பாவை வெட்டித் திரும்ப அவர் தறியிலேயே பிணைத்தால் இரண்டு தறியிலும் ஒவ்வொன்று ஓடும். இரண்டும் கல்யாணத்துக்கு முன்னால் இறங்கும். ஒரே தறியில் இரண்டும் என்றால் கடைசிச் சேலை நிச்சயம் நிற்கும்.

போய்க் கேட்டால் போதும்.

அவர் தெரு முனைவரை போனேன். திரும்பிவிட்டேன். அடுத்த நாள் காலையிலும் போனேன். எட்டு வீட்டில் ஏழு வீட்டு வாசலில்தான் நின்றேன். நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தேன். நான்கு நாள் அப்படியே போனது. பிறகு கேட்டும் பயனில்லை என்று ஆனது.

பாவு இடம் மாறியதும் அவிழ்த்த சிவப்பை, ஆணியில் தொங்கிய அந்தக் கடைசி நூலில் மறுபடி கட்டவில்லை. யாராவது எது நிற்கிறது என்று என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது விஜயா அம்மாவுக்குப் போன் செய்தேன். மறைத்து வைத்துக் கடைசியில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"ஒண்ணு வராதுங்க."

"எது?"

"கடைசிச் சேலை."

"அது என்னுதுதான?"

"ஆமாங்க."

பின்னால் யாரோ பாத்திரத்தை எண்ணிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"சரி. இப்பவே சொன்ன, அது போதும். அரக்குல ஒண்ணு கட்டாம வெச்சிக்கீறேன். அதுக்கு ரவிக்க இருக்குதான்னு பாக்கணும்."

வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருபத்து மூன்று சேலை போனது. நாத்தனாருக்கு முதல் வாரமே போய்விட்டது. முகூர்த்தத்தன்று கடைசிச் சேலை தறியில் இருந்தது. ஐந்து நாள் கழித்து இறங்கியது. நானே வேலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விஜயா அம்மா கல்யாண போட்டோவைக் காட்டினார். எல்லாரும் மயில்கழுத்தில் நிற்கிறார்கள். பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் மட்டும் அரக்கு. பெண்ணைப் பெற்றவள் தனியாகத் தெரிய வேண்டும் என்று கட்டிக்கொண்டதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம்.

ஆர்டர் நன்றாக முடிந்தது என்றுதான் ஊரில் பேச்சு. முருகேசன் அண்ணன் எழுந்து நடமாடத் தொடங்கினார். எங்கள் வீட்டு நடைக்கு வந்து மூன்று ஆணியையும் பார்த்தார். அவர் கடையிலும் அடித்துக்கொண்டார். இப்போது எட்டுக் கட்டம் போடுவதில்லை. ஒரு சேலை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நூல் கொடுக்கிறார்.

ஏழு வீட்டிலும் என்னைக் கூப்பிட்டார்கள். ஏகாம்பரம் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. கஸ்தூரி அண்ணி கடையில் பார்த்தால் சிரிப்பார். பேச மாட்டார்.

போய்க் கேட்டது

இந்த வருஷம் ஆடி முடிந்து ஒரு ஆர்டர் வந்தது. முருகேசன் அண்ணன் கூப்பிட்டனுப்பினார். கரை வேலை கஷ்டம், ஏகாம்பரத்தைத் தவிர யாரும் முடியாது என்றார். ஆள் அனுப்பலாமே என்றேன். நீயே போய்க் கேளு என்றார்.

போனேன். இந்த முறை தெரு முனையில் நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன்.

அவர் தறியில் இருந்தார். என்னைப் பார்த்தார். தறியை நிறுத்தவில்லை. ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. நான் வாசலிலேயே நின்றேன். நாடாவில் இருந்த நூல் தீர்ந்ததும் நிறுத்தினார்.

"ஒரு பாவு வந்துக்குதுண்ணா. உங்க தறியில ஏத்தலாமான்னு கேக்க வந்தேன்."

"முருகேசன் அனுப்பினாரா?"

"ஆமா." அப்புறம் சொன்னேன். "அன்னிக்கி நான் அறுத்தது தப்புண்ணா."

அவர் நாடாவில் புதுத் தாரைப் போட்டார். நூல் நுனியை வாயால் இழுத்தார். அவசரப்படவில்லை.

"அறுத்தது தப்புன்னு யாரு சொன்னா? தண்ணி வந்தா அறுக்கத்தான் வேணும். நான் வர்ற வரைக்கும் ஒக்காந்திருக்கலாம்."

"ஆமாண்ணா."

"பாவ அனுப்பச் சொல்லு."

மறுபடி நெய்யத் தொடங்கினார். நான் வந்துவிட்டேன்.

மறுநாளே பாவு போனது. அதைப் பிணைக்கக் கூப்பிடுவார்கள் என்று சாம்பலைச் சலித்து டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேறு வீட்டுக்குப் போகாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் தனலட்சுமி வந்தாள். பெரணமல்லூரிலிருந்து ஏகாம்பரம் அண்ணனின் தங்கை மகள் வந்து பிணைத்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். எப்படிப் பிணைத்திருக்கிறாள் என்று கேட்டேன்.

நன்றாகத்தான் பிணைத்திருக்கிறாளாம். ஒரு இழைகூட விடவில்லையாம்.